மணியை மிதித்தது யார்?

“ஒரு எலி கிடைச்சாப் போதும் மேடம்” என்றார் வங்கி மேனேஜர், தன் அறையில் எங்களை எதிரே உட்கார வைத்துக்கொண்டு. “செத்ததா இருந்தாலும் பரவாயில்ல.”

எங்களை எத்தனையோ பேர் கூப்பிட்டிருக்கிறார்கள். காணாமல் போன மருமகனைக் கேட்டவர்கள் உண்டு, கம்பி நீட்டிய பார்ட்னரைக் கேட்டவர்கள் உண்டு. எலியைக் கேட்டவர் இவர்தான் முதல்.

“கடையில கூண்டு விக்குது சார்” என்றேன். “எங்களைவிட மலிவு.”

சித்தி என்னை முறைத்தாள். சித்தி என்றால் சும்மா மரியாதைக்குச் சொல்வதில்லை, என் அம்மாவின் கூடப் பிறந்த தங்கை. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம் பிடிக்கும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, அலுத்துப் போய், சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். நான் உதவியாளன். பெயர்ப் பலகையில் என் பெயர் கிடையாது. அவள் கூப்பிடுவது ‘வாலு’ என்று. சம்பளத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், “ராத்திரி எங்க வீட்ல சாப்பிட்டுட்டுப் போ” என்பாள்.

“முதல்லேர்ந்து சொல்லுங்க சார்” என்றாள் மேனேஜரிடம்.

அவர் நெடுநெடுவென்று உயரமான மனிதர். சட்டை மடிப்பு கலையவில்லை, ஆனால் முகம் ஒரு வாரம் தூங்காத முகம். சொன்ன விஷயம் இதுதான். வங்கியில் காசாளர் உட்காரும் கேபினில், மேஜைக்கு அடியில், தரையோடு ஒரு மிதி இருக்கிறது. கொள்ளைக்காரன் துப்பாக்கியை நீட்டினால் காசாளர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டே காலால் அதை மிதிக்கலாம். மிதித்தால் கிளை முழுக்க மணி அலறும், போலீஸ் ஸ்டேஷனிலும் அலறும். இந்த ஒரு மாதத்தில் அது மூன்று தடவை அலறிவிட்டது. கொள்ளைக்காரன் ஒரு தடவைகூட வரவில்லை.

“முதல் தடவை போலீஸ் ஓடி வந்தாங்க. ரெண்டாவது தடவை நடந்து வந்தாங்க” என்றார் மேனேஜர். “மூணாவது தடவை ஃபோன்லயே திட்டிட்டு வெச்சுட்டாங்க. ஆனா அன்னிக்குத்தான் கூட்டம் பயந்து ஓடி, ஒரு பெரியவர் கீழ விழுந்து மணிக்கட்டை உடைச்சுக்கிட்டார். யாரோ அதை வீடியோ எடுத்துப் போட்டுட்டாங்க. தலைமை அலுவலகம் கொதிச்சுப் போச்சு.”

“மெஷின் கோளாறு?”

“கம்பெனிக்காரன் வந்து பிரிச்சுப் பார்த்துட்டான். மூணு தடவையும் யாரோ மிதிச்சிருக்காங்க, கோளாறே இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டான். கேபினுக்குள்ள இருக்கிறது ஒரே ஆள். எங்க காசாளரம்மா. அவங்க மிதிக்கலைன்னு அடிச்சுச் சொல்றாங்க. இன்னிக்குச் சாயந்திரம் மண்டல அதிகாரி சஸ்பென்ஷன் ஆர்டரோட வர்றார். எனக்கென்னவோ எலியா இருக்கும்னுதான் தோணுது. நீங்க எலின்னு எழுதிக் கொடுத்துட்டா...”

அதற்குள் மேஜை மேல் அவருடைய செல்ஃபோன் உறுமியது. திரையில் ‘மண்டலம்’ என்று ஒளிர்ந்தது. மனிதர் பேயறைந்தவர் மாதிரி ஆகிவிட்டார்.

“சார்... எஸ் சார்... டெபாசிட் இலக்குதான் சார்... இல்ல சார், பாதிகூட... புரியுது சார்...”

பேனா ஸ்டாண்டில் இருந்த பேனாக்கள் கிணுகிணுவென்று ஆட ஆரம்பித்தன. ஏ.சி. பழசு போலிருக்கிறது என்று நான் மேலே பார்த்தேன். சித்தி மேலே பார்க்கவில்லை. உள்ளங்கையை மேஜை மேல் விரித்து வைத்துக்கொண்டு, ஜுரம் பார்க்கிறவள் போல உட்கார்ந்திருந்தாள்.

ஃபோனை வைத்ததும் மேனேஜர் நெற்றியைத் துடைத்தார். “இவர்தான் வரப் போறவர். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்பிடுவார்னே தெரியாது மேடம். சாப்பிடறப்போ வரும், பாத்ரூம்ல இருக்கிறப்போ வரும். இவர் பேரைப் பார்த்தாலே எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.”

“அப்படியா” என்றாள் சித்தி. பேனாக்கள் ஆடாமல் நின்றுவிட்டிருந்தன.

காசாளர் கேபின் மேனேஜர் அறைக்குப் பக்கத்திலேயே இருந்தது. முன்பக்கம் வாடிக்கையாளர்களுக்கான ஜன்னல், அதற்கு ஒரு சின்ன இழுவைக் கதவு. அதை இறக்கிவிட்டால் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. பின்பக்கம் ஒரு கதவு. அது குறுகலான நடையில் திறக்கும். நடையின் ஒரு முனையில் மேனேஜர் அறை, மறு முனையில் கழிப்பறை.

“கேமரா?” என்றேன்.

“பணம் கட்ட வர்றவங்க மூஞ்சியைத்தான் பார்க்கும்” என்றார் மேனேஜர். “எங்களை யாரும் பார்க்கிறதில்ல.”

உள்ளே உயரமான சுழல் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். ரொம்பக் குள்ளம். பள்ளிக்கூடப் பிள்ளையைப் பெரியவர்கள் நாற்காலியில் ஏற்றி வைத்தது போல இருந்தது. கால்கள் தரையில் படவில்லை. நாற்காலித் தண்டைச் சுற்றி இருந்த வளையத்தில் ஊன்றியிருந்தன. கை மட்டும் நோட்டுக் கட்டுகளுக்கும் கீபோர்டுக்கும் நடுவில் பறந்துகொண்டிருந்தது.

சித்தி குனிந்து மேஜைக்கடியில் பார்த்தாள். முழங்கால் வலிக்காரி, குனிந்தால் ஒரு முனகல் இலவசம். “ஏம்மா, உட்கார்ந்த இடத்துலேர்ந்து இதை மிதிச்சுக் காட்டு பார்க்கலாம். மிதிக்க வேணாம், சும்மா தொட்டுக் காட்டு.”

காசாளரம்மா காலை நீட்டினாள். எட்டவில்லை. நாற்காலியின் நுனிக்கு வந்தாள். எட்டவில்லை.

“அப்போ நிஜமாவே கொள்ளைக்காரன் வந்தா?” என்றேன்.

“கீழ குதிக்கணும் சார்” என்றாள் அவள், கையை நிறுத்தாமலே. “கொஞ்சம் பொறுங்கன்னு அவன்கிட்ட சொல்லிட்டு.”

எனக்கு அவளைப் பிடித்துப் போய்விட்டது. வேலை போகப் போகிற நாளிலும் வாய் போகவில்லை பாருங்கள்.

ஆனால் சித்தியின் கண் வேறு எங்கோ இருந்தது. மேஜை ஓரத்தில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில். அதன் உடம்பில் மேலிருந்து கீழாக முயல் ஸ்டிக்கர்கள் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு முயலுக்கும் பக்கத்தில் குழந்தைக் கையெழுத்து: ‘காலை’, ‘மதியம்’, ‘சாயந்திரம்’. தண்ணீர் இன்னும் முதல் முயலின் காது வரைக்கும்கூட இறங்கவில்லை. கடிகாரமோ பன்னிரண்டைத் தாண்டிவிட்டிருந்தது.

“யார் ஒட்டினது?”

“என் பொண்ணு.” அந்தக் கை முதல் தடவையாகக் கொஞ்சம் நின்றது. “எந்த முயல் வரைக்கும் குடிச்சேன்னு சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் செக் பண்ணுவா.”

வெளியே வந்ததும் சித்தி என் காதருகே கேட்டாள். “அந்தப் பொண்ணு எப்பலேர்ந்துடா தண்ணி குடிக்கிறா?”

“பொறந்ததுலேர்ந்துதான் சித்தி. என்ன கேள்வி இது?”

“போய்க் கேட்டுட்டு வாடா.”

யாரிடம் போய்க் கேட்பது இதை? கடன் பிரிவு மேஜைக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டி இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். சுளீர், சுளீர். மணிக்கட்டெல்லாம் சிவந்து கிடந்தது. அவருக்கு மனசுக்குள் ‘ரப்பர் பேண்ட்’ என்று பெயர் வைத்தேன். சித்தி பின்னாலேயே வந்து, வாடிக்கையாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

“வலிக்கலையா சார்?” என்றேன்.

“வலிக்கிறதுக்குத்தானே” என்றார். “இல்லேன்னா கத்திடுவேன்.” சுளீர். “இங்க எட்டுப் பேர் பார்த்த வேலையை நாலு பேர் பார்க்கிறோம். வர்றவன் கேட்கிறது பாஸ்புக். நான் இன்சூரன்ஸ் விக்கணும், கார்டு விக்கணும், அவன் ஃபோன்ல பேங்க் ஆப்பை இறக்கிக் கொடுக்கணும். விக்கலேன்னா சாயந்திரம் வீடியோ மீட்டிங்ல எழுப்பி நிக்க வெச்சுக் கேட்பாங்க. என் பையன் என்கிட்ட பேசவே பயப்படுறான், தெரியுமா? வீட்டுக்குப் போனா நான் மனுஷனா இல்ல.” சுளீர். “ஒண்ணு சொல்லட்டுமா? அலாரம் அடிச்சதே, அப்போ அரை மணி நேரம் எல்லா மெஷினையும் நிறுத்தி எங்களை வெளிய நிக்க வெச்சாங்க. வெயில்ல ஒரு மரத்தடியில நின்னேன். இந்த வருஷத்துலயே நான் நிம்மதியா இருந்தது அந்த அரை மணி நேரம்தான்.”

நான் சித்தியைப் பார்த்தேன். ஆள் அகப்பட்டுவிட்டான்! நிம்மதிக்காக மணி அடித்தவன்! சித்தியோ என் பரவசத்தைக் கண்டுகொள்ளாமல், “காசாளரம்மாவுக்கு உடம்புக்கு என்ன?” என்றாள்.

“கிட்னில கல்லு. போன மாசம் வலியில துடிச்சு ரெண்டு நாள் ஆஸ்பத்திரில படுத்துட்டு வந்தாங்க. டாக்டர் நல்லாத் திட்டி அனுப்பிச்சிருக்கார். காசாளருங்க யாரும் தண்ணி குடிக்க மாட்டாங்க மேடம். குடிச்சா எழுந்து போகணும். பணத்தைப் போட்டுட்டுக் கேபினை விட்டு எழுந்து போக முடியாது. மாத்தி உக்கார ஆள் வேணும். முன்னாடி ரெண்டு காசாளர் இருந்தாங்க. ஒருத்தர் போனதுக்கு அப்புறம் ஆளே போடல.”

“எழுந்து போனா?”

“அலாரம் அடிச்சதைவிடப் பெரிய குத்தம். வேலையே போயிடும்.”

சித்தி எழுந்துகொண்டாள். நடக்கும்போதே நான் தீர்ப்பு எழுத ஆரம்பித்தேன். “சித்தி, ரப்பர் பேண்ட்தான். அந்தம்மா பாத்ரூம் போற நேரம் பார்த்து உள்ள புகுந்து ஒரு மிதி. அப்புறம் மரத்தடி.”

“பாதி சரி” என்றாள். “உனக்கு எப்பவும் பாதிதான் சரி.”

வாசலில் காவலாளி நின்றுகொண்டிருந்தார். நெஞ்சில் குறுக்கே தோட்டா வார், கையில் துப்பாக்கி, முகத்தில் கொட்டாவி. சித்தி அவரிடம் ஒரே கேள்விதான் கேட்டாள். அலாரம் அடித்தபோது காசாளர் ஜன்னல் திறந்திருந்ததா?

“மூடியிருந்துச்சும்மா. மூணு தடவையும்.” கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார். “ஜன்னலை இறக்கிட்டாங்கன்னு க்யூ என்கிட்டதான வந்து கத்தும்? கத்திக்கிட்டு இருக்கும்போதே மணி அடிச்சிருச்சு.”

“கடன் அதிகாரி அப்போ எங்க இருந்தார்?”

“எங்க போவாரு? அவர் மேஜையைச் சுத்தி எப்பவும் பத்துப் பேர். எழுந்தா விடுவாங்களா?”

என் தீர்ப்பு அங்கேயே உயிரை விட்டது. சித்தி அதற்கு இரங்கல்கூடச் சொல்லவில்லை.

“கேட்டியா வாலு? மூடின ஜன்னல்ல எந்தக் கொள்ளைக்காரன் துப்பாக்கி நீட்டுவான்? வேணும்னே மிதிக்கிறவன் ஜன்னல் திறந்திருக்கிறப்போ மிதிப்பான். நாலு பேர் நிக்கிறப்போ மிதிச்சாத்தானே, யாரோ மிரட்டினான்னு கதை விடலாம்? இது வேணும்னு மிதிச்சது இல்ல.”

மத்தியான இடைவேளையில் காசாளரம்மாவை நடையில் பிடித்தோம். பெட்டியைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, கழிப்பறையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் சிறுத்தது.

“முதல் ரெண்டு முயலும் ஏங்க இன்னும் தண்ணிக்குள்ளயே கிடக்கு?” என்றேன் நான், சூழ்நிலையைக் கொஞ்சம் இளக்கலாம் என்று.

“இன்னிக்குத் தாகம் எடுக்கல.”

“மூணாவது அலாரத்துக்கு அப்புறம் உனக்குத் தாகமே எடுக்கலை, இல்லம்மா?” என்றாள் சித்தி. “கல்லு இருக்கிற உடம்பு. குடிக்கிறதை நிறுத்திட்டே. அலாரமும் நின்னு போச்சு. நீ கேபின்ல இல்லாத நேரம்தான் மணி அடிச்சிருக்கு. உனக்குப் பதிலா யாரோ உள்ள உட்கார்ந்திருக்காங்க. யாரும்மா?”

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். “நான் கேபின்லதான் இருந்தேன்.”

“கேபின்ல இருந்தேன்னு சொன்னா, மிதிச்சது நீதான்னு ஆகும். வேலை போயிடும்.”

“இல்லைன்னு சொன்னா மட்டும் இருக்குமா?” சட்டென்று குரல் உடைந்துவிட்டது அவளுக்கு. “அடுத்த வாரம் கோர்ட்ல கேஸ் மேடம். பொண்ணு யார்கிட்ட இருக்கணும்னு சொல்லப் போறாங்க. நிரந்தர வேலை, மாசச் சம்பளம், அதை வெச்சுத்தான் என் வக்கீல் பேசறார். இந்த வேலை போச்சுன்னா அவளை அவங்கப்பா கூட்டிட்டுப் போயிடுவார். அது தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கலைன்னா, ஏன்னு யோசிச்சுப் பாருங்க. எனக்கு நல்லது செஞ்ச ஒருத்தரை நான் எப்படிக் காட்டிக் கொடுப்பேன்? அவங்களும் மிதிக்கலைன்னு எனக்குத் தெரியும். சும்மா உட்கார்ந்துதான் இருந்தாங்க.”

இதைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு விறுவிறுவென்று கேபினுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்கு அழுகை வந்தால் வாய் நீளும். “சித்தி, பேசாம எலின்னே எழுதிடலாம். நானே ஒண்ணு பிடிச்சுட்டு வரேன்.”

“வேணாம். எலி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்” என்றாள். “ஸ்டேஷனுக்கு ஃபோன் போட்டு, இன்னிக்குச் சாயந்திரம் மணி அடிச்சா வர வேணாம்னு சொல்லிடு.”

போட்டேன். “நாங்க வர்றதையே நிறுத்திட்டோம் தம்பி” என்றார்கள்.

மண்டல அதிகாரி, கடைசி வாடிக்கையாளர் வெளியேறிய கையோடு வந்து சேர்ந்தார். பளபளக்கும் ஷூ, பளபளக்கும் தலை, கையில் தோல் பை. உள்ளே நுழையும்போதே, “இங்க டெபாசிட் ஏன் ஏறவே மாட்டேங்குது?” என்று கேட்டுக்கொண்டுதான் நுழைந்தார். காசாளரம்மாவைப் பார்த்துக்கூட இல்லை, காற்றைப் பார்த்து, “ஆர்டர் ரெடி. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கங்க” என்றார்.

“கொஞ்சம் பொறுங்க சார்” என்றாள் சித்தி. “எலியைப் பார்த்துட்டுக் கொடுக்கலாம்.”

மேனேஜரின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்! “கிடைச்சிடுச்சா மேடம்?”

“கிடைக்கும். நீங்க கேபினுக்குள்ள போய் அந்த நாற்காலியில உட்காருங்க. எலி எந்தப் பக்கம் ஓடியிருக்கும்னு பார்க்கணும்.”

அவர் போய் உட்கார்ந்தார். அவ்வளவு உயரமான மனிதருக்கு வளையம் எதற்கு? கால் நேராகத் தரைக்கு வந்தது, மேஜைக்கடியில் சௌகரியமாக நீண்டது. வலது ஷூவின் நுனியில் மட்டும் பாலீஷ் தேய்ந்து தோல் வெளுத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். இடது ஷூ புதுசு போல இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே நாங்கள் நின்றோம். மண்டல அதிகாரி, காசாளரம்மா, ரப்பர் பேண்ட், காவலாளி, நான். மேனேஜர் உள்ளேயிருந்து அப்பாவியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், உங்க ஃபோனை எடுத்து இவருக்கு ஒரு ரிங் விடுங்க” என்றாள் சித்தி.

“எதுக்கு? நான் இங்கதானே நிக்கிறேன்!”

“அதனாலதான்.”

தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக அவர் ஃபோனை எடுத்து அழுத்தினார். உள்ளே மேனேஜரின் கையில் ஃபோன் உறுமியது. ‘மண்டலம்’. கூப்பிடுகிறவர் கண்ணெதிரே, கையெட்டும் தூரத்தில் நிற்கிறார். இது வெறும் சோதனை என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். இருந்தும் மனிதருடைய முகம் வெளுத்தது. ஃபோனைக் காதில் வைத்தார்.

“சார்... எஸ் சார்...”

“டெபாசிட் என்ன ஆச்சுன்னு கேளுங்க” என்றாள் சித்தி மெல்ல.

“டெபாசிட் என்ன ஆச்சு?” என்றார் அதிகாரி.

முழங்கால் ஆட ஆரம்பித்தது. முதலில் மெதுவாக, பிறகு தையல் மெஷின் மாதிரி. மேஜை மேல் இருந்த முத்திரைகள் கிணுகிணுத்தன. முயல் பாட்டிலுக்குள் தண்ணீர் தளும்பியது. அதே கிணுகிணுப்பு! மேனேஜர் அறையில் நான் ஏ.சி. என்று நினைத்தது இதைத்தானா? மேனேஜர் கீழே பார்க்கவே இல்லை. “பாதிகூட சார்... இல்ல சார்... இந்த வாரத்துக்குள்ள சார்...” என்று ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்கும் மனிதரிடம் ஃபோனில் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

மணி அலறியது.

காதே பிய்ந்துவிடும் போன்ற சத்தம். காவலாளி பழக்க தோஷத்தில் துப்பாக்கியைத் தூக்கிவிட்டார். நான் ஓடிப் போய்ச் சுவரில் இருந்த அலாரப் பலகையின் பொத்தானை அழுத்தி அதை நிறுத்தினேன். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் காதுக்குள் அடித்துக்கொண்டே இருந்தது.

மேனேஜர் எழுந்து நின்றிருந்தார். “பாத்தீங்களா! பாத்தீங்களா! நான் ஒண்ணுமே செய்யல. சும்மா உட்கார்ந்திருந்தேன். அன்னிக்கும் இதே மாதிரிதான். எலி, எலிதான் மேடம்!”

“எலி உங்க வலது ஷூவுக்குள்ள இருக்கு சார்” என்றாள் சித்தி.

அவர் குனிந்து பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தார். அது இன்னும் நிற்கவில்லை. கையால் முழங்காலைப் பிடித்தார். கையும் சேர்ந்து ஆடியது.

“நீங்க பயந்தா கையும் ஓடாது, காலும் ஓடாதுன்னு சொன்னீங்க. கால் நல்லாவே ஓடுது. இவர் ஃபோன் வந்தா உங்க கால் ஆடும். இது உங்களுக்குத் தெரியாது. மேனேஜர்கிட்ட யார் சொல்லுவாங்க? உங்க ரூம்ல ஆடினா பேனா ஆடும். இந்த நாற்காலியில ஆடினா மணி அடிக்கும்.”

“அன்னிக்கும் இதே மாதிரின்னா?” மண்டல அதிகாரியின் குரல் கத்தி மாதிரி வந்தது. “நீங்க எதுக்கு இந்த நாற்காலியில உட்கார்ந்தீங்க? காசாளர் எங்க?”

காசாளரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மேனேஜர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

“பாத்ரூம் போயிருந்தாங்க சார். நான்தான் போகச் சொன்னேன். வலியில சுருண்டு விழுந்த பொண்ணு, டாக்டர் தண்ணி குடின்னு சொல்லியிருக்கார். மாத்தி உட்கார ஆள் கேட்டு உங்ககிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? அதான் நானே உட்கார்ந்தேன்.” அவர் அவள் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. “நீ உள்ள இல்லைங்கிறதை முதல் நாளே நான் சொல்லியிருக்கணும்மா. சொன்னா ரெண்டு பேர் வேலையும் போயிடும்னு பயந்துட்டேன். எலி கிடைச்சா நீ தப்பிச்சுடுவேன்னு நினைச்சேன். நீ என்னைக் காட்டிக் கொடுக்கல. நான் உன்னைக் கிட்டத்தட்டக் காவு கொடுத்துட்டேன். மன்னிச்சிடும்மா.”

“ஆக, ரெண்டு பேர் மேலயும் நடவடிக்கை” என்றார் மண்டல அதிகாரி. பையைத் திறந்தார். “விதி விதிதான். கேபினை விட்டுப் போனது ஒரு குத்தம், அனுப்பினது இன்னொரு குத்தம்.”

காசாளரம்மா அழவில்லை. பாட்டிலைக் கையில் எடுத்து, அந்த முயல்களை விரலால் தடவிக்கொண்டு நின்றாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவ்வளவு தூரம் கண்டுபிடித்து இதற்குத்தானா? ஒரு தலை உருள இருந்த இடத்தில் இரண்டு தலை உருளுவதற்கா? எலியென்று எழுதிவிட்டுப் போயிருந்தால் ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருக்கலாமே!

அப்போது மண்டல அதிகாரியின் ஃபோன் அடித்தது.

எட்டிப் பார்ப்பது என் தொழில். பார்த்தேன். ‘தலைமை அலுவலகம்’.

அவர் முகம் மாறியது. இதை நான் இன்று ஏற்கெனவே ஒரு முகத்தில் பார்த்திருக்கிறேன். பை கையிலிருந்து நழுவியது. ஃபோனை எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை, வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றார். கீழே தரையில் டொக் டொக்கென்று ஒரு சத்தம். ரப்பர் பேண்ட் குனிந்து பார்த்தார். காவலாளி பார்த்தார். நான் பார்த்தேன். அந்தப் பளபளக்கும் ஷூவின் நுனி தரையைக் கொத்திக்கொண்டிருந்தது.

எல்லாரும் எதைப் பார்க்கிறார்கள் என்று அவரும் கடைசியில் குனிந்து பார்த்தார். கால் சட்டென்று நின்றது. ஃபோன் அடித்து அடித்து ஓய்ந்தது.

“உங்களுக்கு எந்த நாற்காலி சார் போடறது?” என்றேன். சித்தி என் காலை மிதித்தாள். இங்கே மணி அடிக்கவில்லை.

மண்டல அதிகாரி பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஒரே நிமிடத்தில் அந்த ஆளுக்கு வயது கூடிவிட்டது. “எலின்னு எழுதிட முடியுமா மேடம்?” என்று கேட்டார்.

“முடியாது” என்றாள் சித்தி. “நடந்ததைத்தான் எழுதுவேன். பொண்ணு மிதிக்கலை. மேனேஜர் தெரிஞ்சு மிதிக்கலை. ஒரு காசாளர் பாத்ரூம் போறதுக்கு இந்தக் கிளையில ஆள் இல்லை, கேட்டும் கொடுக்கலை. கேட்டது யார், கொடுக்காதது யார், எல்லாத்தையும் எழுதுவேன். அப்புறமும் வேணும்னா இந்த ரெண்டு பேர் மேலயும் நடவடிக்கை எடுங்க. தலைமை அலுவலகத்துல ரெண்டையும் சேர்த்துத்தானே படிப்பாங்க?”

அவர் கீழே கிடந்த பையிலிருந்து அந்த ஆர்டரை எடுத்தார். மடித்தார், மறுபடி மறுபடி மடித்தார். அதற்கு மேல் மடிக்க முடியாதபோது கிழித்தார்.

“நாளைக்கே இன்னொரு காசாளரை அனுப்பறேன்” என்றார் மேனேஜரிடம். கொஞ்சம் தயங்கி, “ஃபோன்... இனிமே சாயந்திரம் ஒரு தடவை பண்றேன், போதும்” என்றார்.

கேபினுக்குள் காசாளரம்மா பாட்டிலைத் திறந்தாள். நின்றபடியே குடிக்க ஆரம்பித்தாள். முதல் முயல் போனது. இரண்டாவது போனது. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி குடித்தாள். கன்னத்தில் வழிந்தது தண்ணீரா கண்ணீரா என்று எனக்குத் தெரியவில்லை, நான் பார்க்கவும் இல்லை. மூன்றாவது முயலும் போன பிறகு புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

“சார்” என்றாள் மேனேஜரிடம். “இன்னும் பெட்டியைப் பூட்டல. கொஞ்சம் உட்காருங்க, நான் போயிட்டு வந்துடறேன்.”

மேனேஜர் மண்டல அதிகாரியைப் பார்த்தார். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவ்வளவு பெரிய மனிதர் ஷூ இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்தார். நாற்காலியில் ஏறி, இரண்டு காலையும் மேலே தூக்கி மடக்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். “போயிட்டு வாம்மா” என்றார். “அவசரமே இல்ல.”